இரண்டு கோடு விழுந்தால் நல்ல சோளம்

கல்யாணமாகி வந்த புதிதில் என்ன வேலை பார்க்கிறாய் என்று என் மாமியார் கேட்டார். மாட்டுத் தீவனத்தில் விஷம் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை என்றேன். "யாரு வைக்கா?" என்றார். யாரும் வைப்பதில்லை, அது தானாக வரும் என்றேன். தானாக வருகிற விஷத்தைப் பார்ப்பதற்கு ஓர் ஆளுக்குச் சம்பளம் கொடுப்பார்களா என்று அவருக்கு ஒரே ஆச்சரியம். பதினோரு வருடம் ஆகிவிட்டது. இன்றைக்கும் யாராவது விசாரித்தால், "மருமவ மாட்டாஸ்பத்திரியில இருக்கா" என்றுதான் சொல்கிறார். நானும் திருத்துவதை விட்டுவிட்டேன்.

அது ஒன்றும் பெரிய கம்பசூத்திரம் இல்லை. மக்காச்சோளமோ கடலைப் பிண்ணாக்கோ ஈரத்தில் கிடந்தால் பூசணம் பிடிக்கும். பூசணத்தைத் தட்டிவிடலாம், வெயிலில் போட்டுக் காய வைக்கலாம். ஆனால் அது உள்ளே விட்டுவிட்டுப் போகிற நஞ்சு போகாது. கண்ணுக்குத் தெரியாது, மணக்காது, வறுத்தாலும் காய்ச்சினாலும் அப்படியே கிடக்கும். அஃப்ளடாக்சின் என்று அதற்கு நல்ல மருந்துக்கடைப் பெயர் வேறு. மாடு தின்றால் மறுநாளே பாலில் வந்து நிற்கும். மாடு பாட்டுக்கு ஒன்றும் தெரியாத மாதிரி அசை போட்டுக்கொண்டிருக்கும்.

எங்கள் தீவன ஆலை சுரண்டையிலிருந்து தென்காசி வருகிற வழியில் இருக்கிறது. சோளம் திருவேங்கடம் பக்கத்துக் கரிசல்காட்டிலிருந்து வரும். மாசியில் அறுத்து, தார் ரோட்டில் பரப்பி, பஸ்ஸும் லாரியும் ஏறிப் போகப் போகக் காய வைத்து, தகரக் கொட்டகையில் அடைத்து, ஆனி பிறந்த பிறகு எங்களிடம் அனுப்பத் தொடங்குவார்கள், அது வருடம் முழுக்க வந்துகொண்டிருக்கும். ஆனியில்தான் இங்கே சாரல் ஆரம்பிக்கும். ஊர் உலகமெல்லாம் குற்றாலத்துக்கு எண்ணெயும் துண்டுமாக வந்து இறங்குகிற நாட்களில் நான் குடோன் கூரையில் ஓட்டை தேடிக்கொண்டிருப்பேன். அவர்கள் அருவியில் குளிப்பார்கள், என் சோளம் குடோனில் குளிக்கும். சாரல் சுகம், சாரல் சுகம் என்று உருகுகிறவர்களைப் பிடித்து ஒரு வாரம் எங்கள் குடோனில் கட்டிப்போட்டால் தெரியும்.

பரிசோதனைக்கு ஸ்ட்ரிப் இருக்கிறது. சோளத்தை மாவாக அரைத்து, மருந்துத் தண்ணீரில் போட்டுக் குலுக்கி, தெளிந்ததும் அதில் ஒரு மெல்லிய பட்டையை முக்க வேண்டும். இரண்டு கோடு விழுந்தால் நல்ல சோளம். ஒரே ஒரு கோடு விழுந்தால் விஷம் இருக்கிறது, லாரியைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். பார்ப்பதற்கு அந்தப் பட்டை, பெண்கள் மருந்துக்கடையில் தாழ்ந்த குரலில் கேட்டு வாங்குவார்களே, அது மாதிரியே இருக்கும். இதனால் ஒரு கூத்து நடந்தது.

எங்கள் லேபைக் கூட்டிப் பெருக்க ஓர் அக்கா இருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வேலையில் சேர்ந்த இரண்டாவது நாள், கையில் வாரியலோடு என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"எம்மா, ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடக் கூடாது."

"கேளுங்கக்கா."

"மூணாவதா?"

எனக்கு இரண்டு பிள்ளைகள். அவர் எதைக் கேட்கிறார் என்று முதலில் புரியவில்லை. குப்பைக் கூடையிலிருந்து பொறுக்கிய ஸ்ட்ரிப்புகளை முந்தானையிலிருந்து எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். எல்லாவற்றிலும் இரண்டிரண்டு கோடு.

"ஒரே நாள்ல ஒம்பது தடவ பாத்திருக்கிய. அம்புட்டு சந்தேகமா?"

"ஐயோ அக்கா, அது சோளத்துக்குப் பாத்தது."

"சோளத்துக்கா!" என்று வாயில் கையை வைத்தார். "சோளம் எங்கன போயி..." என்று ஆரம்பித்தவர், முதலாளி வருவதைப் பார்த்ததும் கூட்டப் போய்விட்டார்.

நல்ல மனுஷி. சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். பாட்டில்களைக்கூட உயர வாரியாக அடுக்கி வைப்பார். கொஞ்ச நாளில் லாரியிலிருந்து சாம்பிள் எடுத்து வருகிற வேலையும் அவருக்கே வந்தது. சுமை இறக்குகிற ஆட்கள் மூட்டைகளில் குத்தூசியைச் சொருகிச் சோளத்தை ஒரு சட்டியில் எடுத்துக் கொடுப்பார்கள், அக்கா அதை என்னிடம் கொண்டு வருவார். முறைப்படி பார்த்தால் குத்துகிற இடத்தில் நான் நிற்க வேண்டும். ஆனால் வெளியே தூசி, சகதி, லாரி டிரைவர்களின் வாய். என் அறையில் ஏசி. மெஷினுக்கென்று போட்ட ஏசிதான், என்றாலும் மெஷின் மட்டுமா அனுபவிக்கும்? நான் உட்கார்ந்த இடத்திலேயே இருந்துகொண்டேன்.

ஒரு ஐப்பசியில் தொடங்கி மறு ஆனி வரைக்கும் ஒரு லோடுகூட என் பரிசோதனையில் தோற்கவில்லை. எல்லாம் இரண்டு கோடு. மூளை இருக்கிறவளாக இருந்தால், திருவேங்கடத்துச் சோளம் திடீரென்று புண்ணியம் செய்துவிட்டதா என்று யோசித்திருப்பாள். நான் பெருமைப்பட்டேன். எங்கள் முதலாளி, ஊருக்கே அண்ணாச்சி, பார்க்கிறவர்களிடமெல்லாம் "நம்ம லேபுல ஆள் அப்படி" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். நானும் காதில் விழாதது மாதிரி நின்று கேட்டுக்கொள்வேன்.

இந்த லட்சணத்தில்தான் அந்த ஆனியில் இலஞ்சியிலிருந்து ஒரு பால்காரர் வந்தார். அறுபது வயதிருக்கும். எட்டு மாடு வைத்திருந்தார், எங்கள் தீவனத்தைத்தான் வாங்கிப் போடுவார். மொபெட்டின் பின்னால் பால் கேனைக் கட்டிக்கொண்டு, கேட்டில் யாரிடமும் கேட்காமல் நேராக லேப் வாசலில் வந்து நிறுத்தினார்.

"ஏட்டி, நீதான் தீவனத்தைப் பாக்குத பொம்பளையா?"

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல்தான் எப்போதும் இருக்கும். அதற்கு வெளியிலிருந்து உதவி தேவையில்லை.

"ஏட்டியா? யாரப் பாத்து ஏட்டிங்கிய? மரியாதையாப் பேசுனா நிண்ணு கேப்பேன். இல்லன்னா வந்த வழியப் பாத்துப் போங்க."

"மரியாதை கேக்கியோ மரியாதை! எம் பாலைத் திருப்பி அனுப்பிட்டானுவ. ரெண்டு வாட்டி! ஊரே பாக்க கேனை எங்கையிலயே குடுத்து விடுதான் பால் சென்டர்காரன். எங்கப்பன் காலத்துல இருந்து பால் ஊத்துதோம். தண்ணி கலந்தேன்னுகூட ஒரு பய சொன்னது கிடையாது. இப்பம் பால்ல விஷம் இருக்குங்கான்."

சொல்லிக்கொண்டே கேனை அவிழ்த்து, மூடியைத் திறந்து, என் வாசலில் கவிழ்க்கப் போனார். பாதி சாய்த்ததும் மனசு வரவில்லை. நிமிர்த்தி மூடியை இறுக்கிக்கொண்டார். அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். பதினைந்து நாள் அவருடைய பாலை எடுக்க மாட்டார்களாம். பதினைந்தாம் நாள் சனிக்கிழமை, வீட்டுக்கே வந்து கறந்த பாலில் சாம்பிள் எடுப்பார்களாம். அதிலும் நஞ்சு இருந்தால் சென்டரில் அவர் பெயரை அடித்துவிடுவார்களாம்.

"எட்டு மாட்டையும் வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? வித்துப்போட்டு அருவிக்கரையில நிண்ணு வாரவன் போறவனுக்கு எண்ணெய் தேச்சு விடவா?"

நான் உள்ளே போய் ஃபைலைக் கொண்டுவந்து அவர் முகத்துக்கு நேராக விரித்தேன். ஐப்பசியிலிருந்து ஒவ்வொரு லோடும் சுத்தம், கீழே என் கையெழுத்து. "கண்ணு தெரியும்லா? பாருங்க" என்றேன். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். குரல் கொஞ்சம் இறங்கியது.

"அப்பம் எங்க இருந்து வருது?"

"வைக்கோல் எங்க போட்டிருக்கிய?"

"வெளிய, படப்பா கிடக்கு."

"மூடியிருக்கா?"

"தார்ப்பாய் கிழிஞ்சு போச்சு."

"சாரல்ல நனையுதா?"

"நனையத்தான செய்யும்."

"அப்ப அங்கதான் இருக்கு விஷம். உங்க வீட்டுலயே வச்சுக்கிட்டு இங்க வந்து கத்துதிய."

"வைக்கோல்லயா?"

"பின்ன? படிச்சவ சொல்லுதேன். மொத்தத்தையும் தீய வச்சுக் கொளுத்துங்க. பதினஞ்சு நாள்ல பால் தங்கமா வரும்."

அவர் தலையை ஆட்டினார். "சரிம்மா" என்று சொல்லிவிட்டு மொபெட்டை எடுத்தார். ஒரு பிடி வைக்கோல் கொண்டு வாருங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. ஒரு ஸ்ட்ரிப், இருபது நிமிடம், அவ்வளவுதான் வேலை. ஏட்டி என்று கூப்பிட்ட மனிதனை வாயடைத்து அனுப்பிய சந்தோஷத்தில் நான் இருந்தேன். அன்றைக்கு மத்தியானம் சாப்பாடு நன்றாக இறங்கியது.

பதின்மூன்றாம் நாள் வியாழக்கிழமை. பகல் பன்னிரண்டு மணிவாக்கில் அவர் போன் பண்ணினார். இப்போது நான் ஏட்டி இல்லை, மேடம்.

"மேடம், நீங்க சொன்ன மாதிரியே செஞ்சாச்சி. படப்ப எரிச்சாச்சி."

"எரிச்சிட்டியளா?"

"நனஞ்சு கிடந்ததா, பிடிக்கவே மாட்டேன்னுட்டு. டீசல ஊத்தித்தான் பிடிச்சுது. மூணு நாள் புகைஞ்சுது, அக்கம்பக்கத்துல எல்லாம் வஞ்சாவ. நாளக்கழிச்சு சாம்பிள் எடுக்க வாரானுவ. தேறிரும்லா?"

எனக்கு ஒரு மாதிரி இருந்தது. கோபத்தில் போய்த் தொலை என்கிறோம், யாராவது போய்த் தொலைகிறார்களா? கொளுத்து என்றால் உண்மையிலேயே கொளுத்துவார் என்று நான் கண்டேனா? ஆனாலும் வாய் சும்மா இருக்காதே.

"தேறிரும்" என்றேன்.

"வைக்கோல் இல்லாத குறைக்கு உங்க தீவனத்தத்தான் மாட்டுக்கு ஒரு படி கூடப் போடுதேன்."

"நல்லது, போடுங்க" என்று போனை வைத்தேன். இதைச் சொன்னது நான்தான், வேறு யாரும் இல்லை.

சாப்பிட்டுவிட்டு டிபன் கேரியரைக் கழுவ லேபுக்குப் பின்னால் போனேன். வழக்கமாக அறையிலேயே கழுவிவிடுவேன், அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வரவில்லை. பின்பக்கம் வேப்பமரத்தடியில், சாரல் படாத இடமாகப் பார்த்து, அக்கா காலை நீட்டி உட்கார்ந்து சுளகில் சோளம் புடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சாம்பிள் சட்டி இருந்தது. ஒரு பக்கம் முத்து முத்தாக நல்ல சோளம். இன்னொரு பக்கம் ஒரு பையில் உடைசல், சொத்தை, கறுத்தது, பச்சையாகப் பூத்தது.

"என்னக்கா இது?"

"காலையில வந்த லோடும்மா. இந்தா முடிஞ்சிட்டு, கொண்டாரேன்."

"சாம்பிளையா புடைக்கிய?"

"பின்ன? சொத்தையும் பூசணமுமா அப்படியே கொண்டாந்து உங்க மேசையில வைக்கச் சொல்லுதியளா?"

கேரியரின் மூடி கையிலிருந்து விழுந்து உருண்டு போனது.

"எப்பத்துல இருந்துக்கா?"

"நீங்க வஞ்ச அன்னையில இருந்துதான்."

"நான் எப்ப வஞ்சேன்?"

"ஐப்பசியில. சாம்பிள்ல கல்லு கிடந்து மிக்சி பிளேடு போச்சுல்லா. 'இதென்ன சோளமா குப்பையா, மனுசர் பாக்குத சாமான இப்படியா கொண்டு வருவிய'ன்னு எல்லாவனும் இருக்கையில கத்துனிய. அன்னைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கல. மறுநாள்ல இருந்து ஒரு சொத்த உங்க கண்ணுல பட விடல பாத்துக்கிடுங்க."

பெருமையாகத்தான் சொன்னார். எனக்கு அந்தச் சண்டை நினைவில்கூட இல்லை. நான் தினமும் யாரையாவது கத்துகிறவள், எதையென்று நினைவு வைத்துக்கொள்வது? சோளத்தில் நஞ்சு எல்லா மணியிலும் சமமாக இருக்காது. உடைந்ததிலும் சொத்தையிலும் பூத்ததிலும்தான் குவிந்து கிடக்கும். அதையெல்லாம் பொறுக்கி எடுத்துவிட்டு மிச்சத்தை நான் மெஷினில் அரைத்து, மருந்தில் குலுக்கி, இரண்டு கோடு, சுத்தம், கையெழுத்து. எட்டு மாதம்!

"அந்தக் கழிவ என்னக்கா செய்யிய?"

"வீட்டுக்குக் கொண்டு போவேன், கோழிக்கு."

"கோழி எப்படி இருக்கு?"

"அத ஏன் கேக்கிய? ஏழு செத்துட்டு. வெள்ளக் கழிச்சல்."

அந்தப் பையை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். அண்ணாச்சி ஒரு காலத்தில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு ஒரு கறுப்பு விளக்கு வாங்கியிருந்தார். கள்ள நோட்டு பார்ப்பார்களே, அந்த மாதிரி. கெட்ட சோளம் அதில் மினுங்கும் என்று வீடியோவில் சொன்னார்களாம். வாங்கிய ஒரு வாரம் தன் வேட்டி, பல்செட், நகம் எல்லாவற்றையும் அதில் பார்த்தார், பிறகு அது பீரோ மேல் தூசி தின்றுகொண்டு கிடந்தது. சோளத்தைத் தவிர எல்லாம் பார்த்த விளக்கு என்று நான் எத்தனையோ நாள் கேலி பேசியிருக்கிறேன். இப்போது அறைக்கதவைச் சாத்தி, லைட்டை அணைத்து, அந்தக் கழிவைக் கொட்டி விளக்கைப் போட்டேன். உடைசல்களில் பச்சையும் மஞ்சளுமாக அங்கங்கே மினுங்கியது. அடி பாவி என்று வாய்விட்டே சொன்னேன். என்னைத்தான்.

ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது, அது பொறுக்கி எடுத்த விஷம். சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு குத்தூசியோடு நானே குடோனுக்குப் போனேன். சுமைக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். மேல் மூட்டை, அடி மூட்டை, நடு மூட்டை என்று மாற்றி மாற்றிக் குத்தி எடுத்து, கலந்து, புடைக்காமல் அப்படியே அரைத்தேன். ஒரு கோடு. விற்பனைக்கு அடுக்கியிருந்த தீவன மூட்டை ஒன்றையும் பிரித்துப் பார்த்தேன். இலஞ்சிக்குப் போவது இந்தத் தீவனம்தான். அதிலும் ஒரு கோடு. இரண்டாவது கோடு வரும் வரும் என்று அந்தப் பட்டையைப் பத்து நிமிடம் முறைத்துக்கொண்டிருந்தேன். வரவில்லை.

சனிக்கிழமை சாம்பிள் எடுப்பார்கள். தீவனத்தை அன்றைக்கே நிறுத்தினால்கூடப் பால் தெளிய நாலைந்து நாள் வேண்டும். ஒன்றும் செய்யாவிட்டால் அவர் பெயரை அடிப்பது நிச்சயம். தப்பு எங்களுடையது, மாட்டுக்காரர்மேல் குற்றமில்லை, நாள் தள்ளிப் போடுங்கள் என்று ஆலை எழுதிக் கொடுத்தால்தான் அவருக்கு வழி. அண்ணாச்சியிடம் போனேன்.

முழுவதையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றி மாட்டினார்.

"ஏம்மா, சுத்தம்னு கையெழுத்துப் போட்டது யாரு?"

"நாந்தான்."

"இப்பம் அசுத்தம்னு போடப்போறது?"

"நாந்தான் அண்ணாச்சி."

"ஒரே ஆளு ரெண்டு கையெழுத்து. எத நம்ப?"

"ரெண்டாவத."

"நாளைக்கு வந்து மூணாவது ஒண்ணு போட மாட்டேன்னு என்னம்மா நிச்சயம்?"

கேள்வி நியாயமான கேள்விதான், அதனால் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. லோடை நிறுத்தச் சம்மதித்தார். விற்றுப்போன மூட்டைகளை எல்லாரிடமும் திரும்ப வாங்கி வேறு கொடுக்கவும் சம்மதித்தார், "புது ஃபார்முலான்னு சொல்லிக்கிடுவோம்" என்றார். எழுத்து மட்டும் வேண்டாமாம். "வாயால சொல்லிட்டு வா. எழுதிக் குடுத்தா அது நம்ம கழுத்துக்கு வந்து நிக்கும்." சொன்னவர் லெட்டர் பேடைத் தூக்கி மேசை டிராயரில் போட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார். போனால் போகிறது என்று என் பையில் கிடந்த மகனின் கணக்கு நோட்டில் ஒரு தாளைக் கிழித்தேன். தீவனத்தில் நஞ்சு இருந்தது, பரிசோதனையில் தவறியது நான், மாட்டுக்காரர்மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று என் கையெழுத்தில் எழுதி, பெயரும் படிப்பும் போன் நம்பரும் போட்டேன். வேலை போகும் என்றுதான் நினைத்தேன்.

போகவில்லை. அந்தக் கட்டம் போட்ட தாளை வைத்துக்கொண்டே சென்டர்காரர்கள் நாள் தள்ளிப் போட்டதும், பால் தேறியதும், அண்ணாச்சி ஒரு மாதம் என்னோடு பேசாமல் இருந்துவிட்டு அப்புறம் பேசியதும் பிறகு நடந்தவை. இப்போது குத்தூசியோடு நான்தான் போகிறேன். புடைக்காத சாம்பிளை மேசையில் கொட்டும்போது அக்கா முகத்தைச் சுளித்துக்கொண்டு, "எப்படித்தான் இதக் கையால தொடுதியளோ" என்கிறார். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவருக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. இதெல்லாம் இருக்கட்டும். வியாழக்கிழமை சாயங்காலத்துக்கு வருகிறேன்.

ஐந்து மணிக்கு ஸ்கூட்டரில் இலஞ்சிக்குப் போய்ச் சேர்ந்தேன். வழியெல்லாம் குற்றாலத்துக்குப் போகிற வேன்கள், ஜன்னலில் ஈரத் துண்டுகள். சாரலில் நனைந்து நடுங்கிக்கொண்டு வீட்டைக் கண்டுபிடித்தேன். வீட்டுக்குப் பக்கவாட்டில் ஒரு லாரி நிற்கிற அளவுக்குத் தரை வட்டமாகக் கருகிக் கிடந்தது. அதன்மேல் மழைத்தண்ணீர் தேங்கி நின்றது. தொழுவில் ஐந்து மாடுகள்தான் இருந்தன.

"மத்ததெல்லாம் எங்க?" என்றேன். வாங்க என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் கேட்டுவிட்டேன்.

"மூணு மாட்ட திங்கக்கிழமை வித்தாச்சு மேடம். வைக்கோலு இல்லாம எட்டு வாய்க்கும் எங்க போவ? சும்மா குடுத்த மாதிரிதான். உள்ள வாங்க, நனையாதிய."

நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. வழியில் மனப்பாடம் செய்து வந்ததெல்லாம் மறந்துபோய், தாளை அவர் கையில் கொடுத்தேன். வாசல் வெளிச்சத்தில் பிடித்து, உதட்டை அசைத்து அசைத்து வாசித்தார்.

"அப்பம் தீவனந்தானா?"

"ஆமா."

"வைக்கோல்ல ஒண்ணும் கிடையாதா?"

"தெரியாது. நான் அதப் பாக்கவே இல்ல."

திட்டுவார் என்று காத்திருந்தேன். முதல் நாள் வாய்க்கு வந்ததெல்லாம் பேசின மனிதர். திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது, நானும் பதிலுக்கு அழலாம். அவர் தாளை மடித்தார்.

"இதக் காட்டுனா சென்டர்காரன் நாளத் தள்ளிப் போடுவானா?"

"போடுவான். நானும் கூட வாரேன். இனி எங்க தீவனத்த ஒரு பிடி போடாதிய, இப்பமே நிறுத்திருங்க."

"அப்பம் இருக்க அஞ்சு மாடாவது நிக்கும்" என்றார். சட்டைப் பையில் தாளை வைத்துக்கொண்டார். ஆலைக்கும் சென்டருக்கும் நடுவில் ஏதோ காகிதப் போக்குவரத்து, நமக்குச் சாதகமாக முடிந்தால் சரி என்கிற முகம் அது.

அவர் மனைவி எனக்கு டீ கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் பேத்தி, மூன்று வயதிருக்கும், ஓர் எவர்சில்வர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மேலுதட்டில் வெள்ளை மீசையோடு வந்து என்னை வேடிக்கை பார்த்தது.

"சென்டர்ல எடுக்கலன்னா கொட்டவா முடியும்?" என்றார் அந்த அம்மாள். "மொதல்ல பயந்துகிட்டு இவளுக்குக் குடுக்கல. வைக்கோல எரிச்ச பெறவு பால் தங்கமா ஆயிரும்னு நீங்க சொன்னியளாம்லா. அதுல இருந்து ரெண்டு நேரமும் இவளுக்கு நம்ம பாலுதான். நல்லா குடிக்கா."

ஒரு டம்ளர் பாலில் ஒன்றும் ஆகாது. பத்து நாள் பாலில்கூட ஒன்றும் தெரியாது, அந்த நஞ்சு அப்படி வேலை செய்வதில்லை. இதைப் படித்துப் பட்டம் வாங்கியவள் நான், யார் கேட்டாலும் நின்று நிதானமாக விளக்கிச் சொல்லக்கூடியவள். டீயைக் கீழே வைத்தேனா போட்டேனா தெரியவில்லை. பாய்ந்துபோய் அந்தக் குழந்தையின் கையிலிருந்து டம்ளரைப் பிடுங்கினேன். பாதிப் பால் என் சேலையில் கொட்டியது. விடாமல் பிடித்துக்கொண்டிருந்த பிள்ளையின் விரலை ஒவ்வொன்றாக விலக்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அது வீறிட்டு அழ ஆரம்பித்தது. அந்த அம்மாள் பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு, கோட்டி பிடித்தவளைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

பால்காரர் என் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்துப் பிரித்து, முதல் வரியிலிருந்து மறுபடியும் வாசிக்கத் தொடங்கினார்.